இரண்டு ஏசி பூட்டிய பஸ் வீட்டை வன்னி வெயிலில் குளிர்மையாக வைத்திருப்பது எப்படி?

முதல் தடவை, பழைய பஸ்ஸை வீடாக மாற்றிய எங்கள் பஸ் வீட்டை முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் கொண்டு போனபோது பின்னேரம் இரண்டு மணி இருக்கும். வெட்டையில் நிறுத்தி, முன் ஏசியையும் பின் ஏசியையும் ஒன்றாகப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். நாலரைக்குத் திரும்பி வந்து பார்த்தால் உள்ளே 33 பாகை. கனடாவிலிருந்து வந்திருந்த மருமக்கள் பூவரச மரத்துக்குக் கீழே பாயை விரித்துப் படுத்துவிட்டார்கள். இரண்டு ஏசிக்குச் செலவழித்த காசுக்கு நாலு பாய் வாங்கியிருக்கலாம் என்று அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

மெசினில் ஒரு பிழையும் இல்லை, பிழை முழுக்க எங்களுடையதுதான். காலையிலிருந்து வெயில் குடித்த இரும்புக் கூடு அது. கூரை, பக்கத் தகடு, தளப்பலகை, மெத்தை, அலுமாரி எல்லாம் சூடேறி நின்றன. ஏசி முதலில் அந்தச் சூட்டை இறக்கித் தீர வேண்டும், மனிதருக்கான குளிர் அதற்குப் பிறகுதான் வரும். பின்னேரம் இரண்டு மணிக்குத் தொடங்கினால் அது நடக்கும்போது பொழுது பட்டுவிடும்.

ஆகவே இரண்டாவது ஏசியை அவசரத்துக்கு உதவும் சாமானாக நினைக்காதீர்கள். அதை எந்த நேரத்தில் போடுவது, எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு.

நான் இங்கே சொல்வது 36 அடி நீளம், 8 அடி அகலமுள்ள பழைய பஸ்ஸை வீடாக்கியவர்களுக்கு, அதாவது ஏறத்தாழ 288 சதுர அடித் தளம். வாகனத்தின் உடலை மாற்றுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்து, அனுமதியை எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

முதலாவது: எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் எல்லாம் வட அகலக்கோடு 9 பாகையை ஒட்டிய இடங்கள். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் இங்கே சரியாக உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அந்த நாட்களில் பஸ்ஸில் அதிக வெயில் வாங்குவது கூரைதான். காலையும் மாலையும் மட்டும் பக்கச் சுவர்களில் வெயில் சாய்ந்து விழும்.

ஆகையால் பஸ்ஸின் நீளப்பாடு கிழக்கு மேற்காக இருக்கட்டும். நீண்ட இரண்டு பக்கங்களும் வடக்கையும் தெற்கையும் பார்க்கும், காலை மாலை வெயில் ஒடுங்கிய முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் மட்டும் விழும். முன்கண்ணாடி கிழக்கைப் பார்ப்பது நல்லது. காலை வெயில் அவ்வளவு கொல்லாது, உள்ளேயும் அப்போது சூடு ஏறியிருக்காது. மேற்கு வெயில் கண்ணாடியில்லாத பின்சுவரில் விழட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏசியின் வெளிப்பெட்டிகளைப் பின்சுவரில் பூட்டியிருந்தால் (நாங்கள் அப்படித்தான்), வைகாசியிலிருந்து ஆவணி புரட்டாசி வரை வீசும் தென்மேற்குக் காற்றான சோளகம் அந்த விசிறிகளுக்கு நேரே எதிராக வந்து மோதும். பெட்டி வெளியே தள்ளும் சூட்டைக் காற்று திருப்பிப் பெட்டிக்கே கொடுத்துவிடும். கூடவே கிரவல் தூசியும் வரும். எனவே சோளகக் காலத்தில் நான் பஸ்ஸை மறுபக்கம் திருப்பிவிடுவேன். பின்பக்கம் கிழக்கு, முன்கண்ணாடி மேற்கு, கண்ணாடிக்கு வெளியே தடித்த தறப்பாள். வடகிழக்கு வாடைக் காற்று தொடங்கியதும் பழையபடி முன்பக்கம் கிழக்கு.

மரநிழல் கிடைத்தால் விடாதீர்கள். வேம்பு, புளி, மருது எல்லாம் நல்லவை. பாலை மரமும் நல்ல நிழல்தான், ஆனால் பழக்காலத்தில் கூரை முழுக்கப் பிசுபிசுப்பு, குரங்குகளின் கூத்து வேறு. தென்னைக்குக் கீழே மட்டும் வேண்டாம், தேங்காய் விழுந்தால் ஏசிப் பெட்டியா தலையா என்று பார்த்து விழாது. சோளகம் பலமாக இருக்கும் நாளில் காய்ந்த கொப்புள்ள மரத்துக்குக் கீழேயும் நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது: வெயிலைத் தகட்டுக்கு வெளியிலேயே மறிப்பது

உள்ளே தொங்கும் திரைச்சீலையை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் திரை சூடாகும், திரையின் சூடு உள்ளேயே நிற்கும். கண்ணாடிக்கு வெளியே மறைப்புக் கட்டுங்கள். கிடுகுத் தட்டி, பனையோலைத் தட்டி, பச்சை வலை, தறப்பாள் எதுவானாலும் சரி. தகட்டோடு ஒட்டாமல் அரை அடி இடைவெளி விட்டுக் கட்டினால் நடுவில் காற்று ஓடும்.

கூரைக்கு வெள்ளை அடியுங்கள். இது எல்லாவற்றிலும் மலிவான வேலை, பலன் உடனே தெரியும். கூரையில் சோலார் பலகை பூட்டுபவர்கள் தகட்டிலிருந்து சில அங்குலம் உயர்த்திப் பூட்டினால் அதுவே கூரைக்கு இன்னொரு கூரை. நிழலில் நிறுத்தினால் சோலாருக்கு வெயில் போதாதே என்று கேட்பீர்கள். நான் இரண்டு பலகையைக் கழற்றி எடுக்கக்கூடியதாக வைத்து, நீட்டு வயரோடு வெட்டையில் சாய்த்து வைக்கிறேன். பஸ் நிழலில், பலகை வெயிலில்.

உட்சுவருக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே அடைப்பு வேண்டும். மலிவு என்று ரெஜிபோம் வைப்பவர்கள் உண்டு. அது நெருப்புப் பிடித்தால் உருகி எரிந்து நச்சுப் புகை விடும், ஒரே ஒரு கதவுள்ள கூட்டுக்குள் அதை நான் வைக்க மாட்டேன். ரொக்வூல் எனும் பாறைக் கம்பளி எரியாது, சத்தத்தையும் குறைக்கும். ஈரம் பிடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஓட்டைகள். பழைய பஸ்ஸின் கதவு ரப்பர், கண்ணாடிச் சட்டம், கியர் கம்பி இறங்கும் துவாரம், தளப்பலகை இணைப்பு எல்லாம் வெக்கை நுழையும் வழிகள்தான். இரவில் உள்ளே இருட்டாக்கி, ஒருவர் வெளியே சுற்றி டோர்ச் அடிக்கட்டும். வெளிச்சம் தெரிந்த இடத்தையெல்லாம் அடையாளம் போட்டு அடையுங்கள். எங்களுடையதில் இருபத்துமூன்று இடம் இருந்தது.

சமையலை வெளியே வையுங்கள். சமையல் நடக்கும்போது ஒரு காஸ் அடுப்பு இரண்டு கிலோவாட்டுக்கு மேல் சூட்டை உள்ளே கொட்டும். ஒரு மனிதர் சும்மா இருந்தாலே ஏறத்தாழ 100 வாட். எட்டுப் பேரும் புட்டு அவியும் அடுப்பும் சேர்ந்தால் பின் ஏசியின் உழைப்பு முழுவதும் அதற்கே போய்விடும்.

மூன்றாவது: எவ்வளவு பெரிய ஏசி, எங்கே பூட்டுவது

எங்கள் ஏற்பாடு: முன் மண்டபத்துக்கு 18,000 பிடியூ (ஏசி குளிர்விக்கும் பலத்தின் அளவு), பின் படுக்கையறைக்கு 9,000 பிடியூ, இரண்டும் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வேர்ட்டர் வகை. கண்ணாடியும் கதவும் ஆட்களும் முன்னால் இருப்பதால் பெரியது முன்னால். இரண்டும் சேர்ந்து 27,000 பிடியூ, அதாவது ஏறத்தாழ 8 கிலோவாட் சூட்டை வெளியே தள்ளும் பலம்.

ஒரேயடியாக 24,000 ஒன்றைப் பூட்டினால் என்ன என்று வேலைத்தளத்தில் கேட்டார்கள். பகலில் சரிதான். இரவில் இரண்டு பேர் படுக்கும் சின்ன அறைக்கு அந்த யானை எதற்கு? பெரிய ஏசி சட்டென்று குளிர வைத்துச் சட்டென்று நின்றுவிடும், காற்றில் உள்ள ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. குளிரும், ஆனால் நமநமவென்று இருக்கும். இரண்டாகப் பிரித்தால் இரவில் சின்னது மட்டும் நிதானமாக ஓடும். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கிறது, அதுவும் மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவே காட்டில் நிற்கும்போது.

வெளிப்பெட்டிகளைக் கூரையில் வைக்காதீர்கள். ஊர் ஒழுங்கைகளில் வீடுகளுக்குப் போகும் கரண்ட் வயர்கள் தாழ்வாகத் தொங்குகின்றன. பின்சுவரில் இரும்புச் சட்டம் அடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றுக்கு மேல் ஒன்று வைத்தால் கீழ்ப்பெட்டியின் சூடு மேல்பெட்டிக்குப் போகும். அதிர்வைத் தாங்க ரப்பர்க் குண்டுகள் கட்டாயம். முன் ஏசிக்கான செப்புக் குழாய் நீளமாக ஓடும் என்பதால் தொழிற்சாலையில் அடைத்த வாயு போதாமல் போகலாம். அந்த மாதிரிக்குரிய கணக்குப்படி மேலதிகமாக அடைக்கச் சொல்லுங்கள். குழாய் ஒவ்வொன்றுக்கும் பெட்டியருகில் ஒரு வட்டச் சுருள் விட்டால் பஸ் குலுங்கும்போது அந்தச் சுருள் குலுக்கத்தை வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் இணைப்பில் வெடிக்கும். இப்போது வரும் பல ஏசிகளில் உள்ள ஆர்32 வாயு ஓரளவு தீப்பற்றக் கூடியது. வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு நட்டுகளை ஒருதரம் இறுக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு முறிகண்டியை விட வசதியான இடம் இல்லை. ஏ9 வீதியில் போகும் வாகனம் எப்படியும் அங்கே நிற்கும். வீட்டார் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் நேரத்தில் நீங்கள் சாவியோடு பின்பக்கம் போகலாம். (நம்மூரில் கச்சான் கடலையும்தான், மேற்குக் காற்றும்தான். ஒன்று வயிற்றுக்கு நல்லது, மற்றது ஏசிப் பெட்டிக்குக் கூடாது.)

இங்கே வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு ஒரு சொல். வட அமெரிக்காவில் விற்கும் பெரிய வாகன வீடுகளின் கூரையில் 13,500 அல்லது 15,000 பிடியூ ஏசி இரண்டு இருக்கும். அவை 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அங்குள்ள 50 அம்பியர் பிளக்கில் 120 வோல்ட்டில் 50 அம்பியர் தரும் இரண்டு தனித்தனிப் பாதைகள் உண்டு, ஏசிகள் ஆளுக்கொரு பாதையில் ஓடும். 30 அம்பியர் பிளக்கில் மொத்தமே 3,600 வாட்தான், அதில் பொதுவாக ஒரு ஏசியைத்தான் நிம்மதியாக ஓட்டலாம். இங்கே கிடைப்பது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வைத்தால் வோல்ட் இறங்கும், ஹேர்ட்ஸ் மாறாது. 60க்குச் செய்த கொம்பிரசர் 50இல் மெதுவாகச் சுற்றிச் சூடாகும். அந்தக் கூரை ஏசியை அனுப்பும் செலவை மறந்துவிட்டு இங்கேயே வாங்குங்கள்.

நான்காவது: கரண்ட்

இதைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள், கரைச்சல் எல்லாம் இங்கேதான். முழு வேகத்தில் முன் ஏசி ஏறத்தாழ 1.6 கிலோவாட், பின் ஏசி 0.8 கிலோவாட் இழுக்கும். 230 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து பத்தரை அம்பியர். 13 அம்பியர் பிளக்கில் அடங்கும்போலத் தெரியும். ஆனால் யாராவது தேத்தண்ணிக்கு 2 கிலோவாட் கேத்திலைப் போட்டால் இன்னும் 9 அம்பியர். ஒரு உறவினர் வீட்டு விறாந்தைப் பிளக்கில் நாங்கள் குத்தி, இரவு முழுக்க ஓட்டினோம். விடியற்காலையில் பிளாஸ்ரிக் கருகும் மணம். பிளக்கின் ஒரு கால் பழுப்பாகி உருகியிருந்தது. உள்ளே தளர்ந்துபோன பழைய பிளக்குகள் கொஞ்ச நேரச் சுமையைத் தாங்கும், பத்து மணி நேரச் சுமையைத் தாங்காது.

செய்ய வேண்டியது இதுதான். அடிக்கடி தங்கும் வீட்டில் பிரதான பலகையிலிருந்து தனிப் பிரேக்கரோடு ஒரு 32 அம்பியர் நீல நிற மூன்று கால் பிளக்கை எலக்ரீசியனைக் கொண்டு பூட்டுங்கள். இங்கே சாதாரண வீட்டு இணைப்பு 30 அம்பியர் என்பதை மறக்க வேண்டாம். பஸ்ஸில் பத்தரை அம்பியர் ஓடும்போது வீட்டில் தண்ணீர் மோட்டரும் ஸ்திரிக்கைப் பெட்டியும் போட்டால் மீதி குறைவு. வீட்டுக்காரரிடம் முதலே கதைத்து, கரண்ட் காசையும் கொடுத்துவிடுங்கள். உறவு நீடிக்கும்.

வயர் தடிப்பு முக்கியம். 30 மீற்றர் தூரத்துக்கு 12 அம்பியர் இழுத்தால் 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் பத்து வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். 2.5இல் ஆறரை, 4இல் நாலு. நகர்ப்புறத்தில் இது பெரிய விசயமில்லை. ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில் உள்ள குடியேற்றங்களில் மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் ரீவியும் போடும்போது ஏற்கெனவே வோல்ட் இறங்கியிருக்கும், அதற்கு மேல் பத்தை இழக்க முடியாது. நான் 4ஐத்தான் வைத்திருக்கிறேன். சுருளில் வரும் வயராக இருந்தால் முழுவதையும் அவிழ்த்து விரியுங்கள். சுருளாகவே ஓட்டினால் உள்ளே சூடாகி உருகும்.

பஸ்ஸுக்குள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு வோல்ட் மீற்றர் பூட்டுங்கள். 210க்குக் கீழே இறங்கினால் நான் பின் ஏசியை நிறுத்துவேன். 200க்குக் கீழே போனால் இரண்டும் ஓய்வு, விசிறி மட்டும்.

இரும்புக் கூட்டில் வாழ்கிறீர்கள் என்பதால் எர்த் விளையாட்டில்லை. எங்காவது ஒரு வயர் தோல் உரிந்து தகட்டில் பட்டால் பஸ் முழுக்க கரண்ட். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று கதவுப் பிடியைத் தொடும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். மின்கசிவு வந்ததும் கரண்டை நிறுத்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் பஸ்ஸின் சொந்தப் பலகையில் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். தங்கும் வீட்டின் எர்த் சரியா என்றும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது: ஒரு நாள் எப்படி ஓட வேண்டும்

காலை ஆறு மணிக்கு எல்லா ஜன்னலையும் திறந்து, இரவு அடைந்த காற்றை விட்டுவிடுங்கள். வன்னியில் விடியற்காலை காற்று இலவசம், எந்த ஏசியை விடவும் நல்லது. எட்டு மணிக்குள் எல்லாவற்றையும் மூடி, வெளி மறைப்புகளை இறக்குங்கள்.

எட்டரை மணியானதும் முன் ஏசி மட்டும், 26 பாகையில். இந்த நேரத்தில் தகடு இன்னும் சூடாகவில்லை. ஏசி குறைந்த வேகத்தில் மெல்ல ஓடி, இரும்பையும் மெத்தையையும் குளிர்மையிலேயே வைத்திருக்கும். உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் ஓடட்டும். வீண் செலவு என்று தோன்றும், ஆனால் மத்தியானம் இரண்டு ஏசியும் மூச்சிரைக்க ஓடும் செலவைவிட இது குறைவாகவே வருவதை எங்கள் மீற்றரில் கண்டிருக்கிறேன்.

பத்தரை, பதினொன்று வாக்கில் பின் ஏசி. இரண்டையும் ஒரே நிமிடத்தில் போடாதீர்கள், குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். இன்வேர்ட்டர் வகை மெல்லத் தொடங்கும். பழைய வகைக் கொம்பிரசர் தொடங்கும் கணத்தில் வழமையான ஓட்டத்தைப்போல் மூன்று முதல் ஆறு மடங்கு இழுக்கும், இரண்டு சேர்ந்து இழுத்தால் பிரேக்கர் விழும். கரண்ட் போய் வந்தாலும் இதே கவனம் வேண்டும். மூன்று நிமிடமாவது பொறுத்துப் போடுங்கள்.

நடுக்கதவைத் திறந்து வையுங்கள். ஒரு சின்ன மேசை விசிறி பின்னறைக் குளிரை முன்னுக்குத் தள்ளட்டும். வெளியே வெயிலிலிருந்து வந்த ஒருவர் ரிமோட்டை எடுத்து 16 ஆக்குவார். ஆக்கினால் வேகமாகக் குளிராது, நிறுத்த மட்டும் மறந்துபோகும். எங்கள் பஸ்ஸில் ரிமோட் அக்காவின் கைப்பையில் இருக்கும்.

நாலரை, ஐந்து மணியானதும் பின் ஏசியை நிறுத்தலாம். இரவு ஒன்பது மணியானதும் முன் ஏசியை நிறுத்தி, பின் ஏசியை மட்டும் திரும்பப் போட்டு 26 அல்லது 27இல் விட்டு, நடுக்கதவைச் சாத்திப் படுங்கள்.

ஏசி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அறிய ஒரு வழி: உள்ளே இழுக்கும் காற்றின் சூட்டையும் வெளியே விடும் காற்றின் சூட்டையும் வெப்பமானியால் அளவுங்கள். கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடிய பிறகு வித்தியாசம் 8 முதல் 12 பாகை வரை இருந்தால் சரி. ஐந்தாறுதான் என்றால் வடியில் (பில்டரில்) தூசி, அல்லது வாயு குறைவு.

ஆறாவது: பிளக் இல்லாத இடங்கள்

மடு மாதா கோவில் திருவிழாக் காலத்தில் காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்குபவர்களுக்கு நடுவே பஸ்ஸை நிறுத்தினால் பிளக் கேட்க ஆளில்லை. இன்வேர்ட்டர் ஏசி இரண்டுக்கும் 3.5 கேவீஏ ஜெனரேற்றர் போதும், பழைய வகையென்றால் 5க்கு மேல். அதைக் காற்று போகும் பக்கத்தில் வையுங்கள். ஆவணித் திருவிழாவின்போது சோளகம் என்பதால் பஸ்ஸுக்கு வடகிழக்கே, வாடைக் காலத்தில் தென்மேற்கே. புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை, தூங்குபவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். அதை அறிந்து அலறும் கருவி ஒன்று படுக்கையறையில் இருக்கட்டும். உங்கள் பக்கத்துக் கூடாரத்தையும் பார்த்து வையுங்கள். இரவு பத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், செபம் சொல்லும் சனத்துக்கும் நித்திரை வேண்டும்.

இரவுக்குப் பற்றரி. 48 வோல்ட், 100 அம்பியர் மணி லிதியம் பற்றரி ஒன்றில் ஏறத்தாழ 5 கிலோவாட் மணி இருக்கும். சின்ன ஏசி இரவில் சராசரி 500 வாட் எடுத்தால், இழப்புப் போக எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும். 12 வோல்ட், 200 அம்பியர் மணி ஈயப் பற்றரியில் பாதிதான் பாவிக்கலாம், இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். பகலில் இரண்டு ஏசியையும் பற்றரியில் ஓட்டும் ஆசையை விடுங்கள்.

ஏழாவது: தூசியும் பல்லியும்

உள்வடியை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள், கிரவல் வீதியில் ஓடினால் அன்றைக்கே. வெளிப்பெட்டியின் தகட்டுச் சீப்பை தண்ணீரை மெல்ல விட்டுக் கழுவலாம், வாகனம் கழுவும் அழுத்தக் குழாயால் அடித்தால் சீப்பு மடிந்துவிடும். முல்லைத்தீவுக் கரையிலோ மன்னாரிலோ தங்கினால் கிளம்பும் அன்றே நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுங்கள்.

பல்லி வெளிப்பெட்டியின் மின்பலகையில் ஏறிச் செத்தால் பலகையும் சேர்ந்து போகும். எறும்பும் அப்படித்தான். வயர் நுழையும் துவாரங்களை அடைத்து, பெட்டியைச் சுற்றிச் சின்னக் கண் வலை கட்டாமல் துவாரத்துக்கு மட்டும் கட்டுங்கள். பெட்டியையே வலையால் மூடினால் காற்று அடைபடும்.

மாரியில்

ஐப்பசியிலிருந்து மழை வந்ததும் பின் ஏசி ஒன்றே போதும், அதையும் ஈரம் நீக்கும் நிலையில் வையுங்கள். வடிகுழாய் சரிவாகத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பஸ் சேற்றில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ஏசித் தண்ணீர் வெளியே போகாமல் கட்டிலில் சொட்டும், ஒரு சக்கரத்துக்குக் கீழே பலகை வைத்தால் நிற்கும். அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கால் கழுவலாம், பற்றரிக்கு ஊற்றாதீர்கள்.

மாதக்கணக்காக ஓட்டாமல் விடுவதென்றால் கடைசி நாளில் இரண்டு ஏசியையும் விசிறி நிலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி உள்ளே காயவிட்டு, பிரேக்கரை விழுத்தி, வெளிப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது போடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். போன வருடம் எங்களுடையதில் அணில் கூடு கட்டிக் குட்டியும் போட்டிருந்தது. இரண்டு கிழமை பொறுத்துத்தான் ஏசி போட்டோம்.